அந்தரத்தில் ஒரு விருது: ரோசி முதல் நேகா வரை

2022 மே 27 அன்று கேரள மாநிலத்தின் 52ஆவது திரைப்பட விருதுகளைப் பண்பாட்டு அமைச்சர் சஜி செறியான் அறிவித்தார். நடுவர் குழுவின் தலைவர் சயீத் அக்தர் மிர்சா. சிறந்த நடிகைக்கான விருது ‘பூதகாலம்’ படத்துக்காக ரேவதிக்குக் கிடைத்தது. 1983இல் ‘மண் வாசனை’யில் தமிழ்த் திரைக்கு அறிமுகமான ரேவதி, சொந்த மாநிலத்தின் சிறந்த நடிகை விருதைப் பெற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை அன்று பலரும் பேசினர். அதே அறிவிப்பில் இன்னொரு பெயரும் இருந்தது. ‘அந்தரம்’ என்னும் மலையாளப் படத்தில் நடித்த நேகா. தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் திருநங்கை. நடிப்புக்காகக் கேரள மாநில விருது பெற்ற முதல் திருநங்கை.

ஆனால் அவர் பெயர் ‘சிறந்த நடிகை’ என்னும் தலைப்பின் கீழ் இல்லை. பெண்கள் மற்றும் திருநர்க்கான சிறப்பு விருது என்னும் தனித் தலைப்பின் கீழ் இருந்தது. ஒரே பட்டியலின் இந்த இரு தலைப்புகளுக்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள். அத்தொலைவு 2022இல் பிறந்ததன்று. யார் எந்த வேடத்தை ஏற்கலாம், அப்படி ஏற்பதை யார் ‘நடிப்பு’ என்று ஒப்புவர் என்னும் பழைய வழக்கின் அண்மைக் கட்டம் அது. அவ்வழக்கின் முதல் கட்டமும் இதே திருவனந்தபுரத்தில்தான் நடந்தது.

மலையாளத்தின் முதல் கதைப்படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அந்நாள் 1928ஐச் சேர்ந்ததா 1930ஐச் சேர்ந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. படத்தை எடுத்தவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே.சி. டானியல். தம் நிலத்தை விற்றுத் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர். நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. நந்தன்கோட்டைச் சேர்ந்த புலையர் குடும்பத்துப் பெண். இயற்பெயர் ராஜம்மா. புல் அறுத்துப் பிழைத்தவர். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். படத்தில் அவர் ஏற்ற வேடம் சரோஜினி என்னும் நாயர் பெண்.

திரைப்பட வரலாற்றாசிரியர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் முதலானோர் திரட்டிய நினைவுகள் அடுத்து நிகழ்ந்ததை ஏறத்தாழ ஒருமுகமாகவே சொல்கின்றன. தொடக்க விழாவுக்கு வந்திருந்த நகரப் பிரமுகர்கள் ரோசியோடு ஒரே அரங்கில் அமர மறுத்தனர். தாம் நடித்த முதல் படத்தின் முதல் காட்சியை ரோசியால் காண முடியவில்லை. நாயகன் நாயகியின் கூந்தற் பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்தபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. திரையை நோக்கிக் கற்கள் பறந்தன. பின்னர் ரோசியின் குடிசையும் தீக்கிரையானது. அவர் ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பிச் சென்றார். லாரியை ஓட்டிய கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்னும் பெயரில், திரைவாழ்வைப் பற்றி வெளியே பேசாமல் வாழ்ந்து மறைந்தார்.

இங்கு இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ரோசி தப்பிச் சென்றபோது நாகர்கோவிலும் திருவிதாங்கூருக்குள்ளேயே இருந்தது. இன்றைய மாநில எல்லை 1956 நவம்பர் 1 அன்றுதான் ஏற்பட்டது. ஆகவே அவர் கடந்து சென்றது அரசியல் எல்லையை அன்று. தம்மை அறிந்தவர்களின் கண்ணெல்லையை. அடுத்தது, திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்று வெளியானது. கோயிலுக்குள் நுழையும் உரிமை சட்டத்தில் கிடைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரோசி திரைக்குள் நுழைந்துவிட்டார். நாயர் பெண்ணாக உடுத்து, நாயர் பெண்ணாக நடந்து, நாயர் பெண்ணாகக் காதலிக்கப்பட்டார். அவர்மீது எறியப்பட்ட கல் நடிப்பின் குறைக்காக எறியப்பட்டதன்று. தனக்கும் வேடத்துக்கும் இடையே சமூகம் வகுத்திருந்த தொலைவைக் கடந்துவிட்டார் என்பதே குற்றம்.

அதே காலத்து நாடக மேடையோடு ஒப்பிட்டால்தான் இதன் முழுப்பொருள் விளங்கும். 1930களில் மலையாள நாடகத்தின் புகழ்பெற்ற ‘நாயகி’ ஓர் ஆண். குமாரன் ஆசானின் ‘கருணா’ காவியத்தை ஒட்டி அமைந்த நாடகத்தில் ஓச்சிற வேலுக்குட்டி வாசவதத்தையாகத் தோன்றினார்; செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர் உடன் நடித்தார். வேலுக்குட்டியின் ஒப்பனையும் நடையும் பேச்சும் பெண்களே வியக்கும்படி இருந்தன என்று அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். தமிழ் மேடையிலும் பாலர் சபாக்களில் ‘ஸ்திரீபார்ட்’ ஏற்ற ஆண் நடிகர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஔவை வேடத்தால் பெயர் பெற்ற டி.கே. சண்முகத்தின் பெயரில் முதலில் நிற்கும் எழுத்தே திருவனந்தபுரத்தைக் குறிப்பது. ஓர் ஆண் முதுபெண்ணாக மாறியதைப் பாராட்டி, அந்த வேடத்தின் பெயரையே அவருக்கு அடைமொழியாகச் சூட்டியது தமிழுலகம்.

ஆக, ஆண் பெண்ணாக நடிப்பதில் சமூகத்துக்கு இடர் இல்லை. அங்கே கடக்கப்படும் தொலைவு ‘கலை’ எனப் போற்றப்பட்டது. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் உயர்சாதிப் பெண்ணாக நடித்தபோது கடக்கப்பட்ட தொலைவோ ‘அத்துமீறல்’ எனத் தண்டிக்கப்பட்டது. வேடத்துக்கும் நடிப்பவருக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றே. அதைக் கடப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது திறமையாகவோ குற்றமாகவோ கொள்ளப்படுகிறது. மேலே இருப்பவர் கீழே இறங்கி நடித்தால் வியப்பு. கீழே வைக்கப்பட்டவர் மேலேறி நடித்தால் சினம். பால்புதுமையர் திரைக்கு வந்த வரலாற்றையும் இந்த விதியைக் கொண்டே படிக்க இயலும்.

மலையாளத் திரையில் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஈர்ப்பு பேசப்பட்டது பிற இந்திய மொழிகளோடு ஒப்பிடும்போது முந்தியே நிகழ்ந்தது. வி.டி. நந்தகுமாரின் நாவலை ஒட்டி மோகன் இயக்கிய ‘ரண்டு பெண்குட்டிகள்’ 1978இல் வெளியானது. அதில் நடித்தவர்களுள் ஒருவர் ஷோபா. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பசி’க்காகத் தேசிய விருது பெற்றுத் தமிழருக்கு நெருக்கமானவர். 1986இல் பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ வந்தது. பள்ளியிலிருந்து ஓடிப்போகும் இரு மாணவியரின் கதை. கார்த்திகாவும் சாரியும் நடித்தனர். அக்கதை இருவரின் மரணத்தில் முடிகிறது.

அந்த முடிவு கற்பனையோடு நின்றுவிடவில்லை. பிரிக்கப்பட்ட இளம்பெண் இணைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்த ஆண்டுகளில் கேரளத்து நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வந்தன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, அத்தகைய பெண்களுக்குத் துணைநிற்க 2002இல் ‘சகயாத்ரிகா’ என்னும் அமைப்பு உருவானது. அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்த மலையாளியான லிஜி புல்லப்பள்ளி இந்தச் சூழலையே பின்புலமாகக் கொண்டு 2004இல் ‘சஞ்சாரம்’ படத்தை இயக்கினார். அதன் நாயகி கிரண் இறுதியில் பள்ளத்தின் விளிம்பிலிருந்து பின்வாங்கி வாழ்வைத் தேர்கிறாள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பத்மராஜன் எழுதிய முடிவுக்கு ஒரு பெண் இயக்குநர் எழுதிய மறுப்பாக அதைப் படிக்கலாம்.

இப்படங்கள் அனைத்திலும் ஒரு பொதுமை உண்டு. கதைமாந்தர் பால்புதுமையர், ஆனால் ‘இது என் வாழ்வும்கூட’ என்று அறிவித்துக்கொண்டு அவ்வேடங்களை ஏற்ற நடிகை எவரும் இல்லை. அக்காலத்தில் அப்படி அறிவிப்பது தொழிலின் முடிவாகவும், சில வேளைகளில் வீட்டின் முடிவாகவும் அமைந்திருக்கும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய அளவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6 அன்றுதான் என்பதை மறக்கலாகாது. திரையில் பால்புதுமை நாயகி இருந்தாள். திரைக்குப் பின்னால் பால்புதுமை நடிகை இருந்திருந்தாலும் அவளுக்குப் பெயர் இல்லை.

திருநங்கையரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அவர்களால் மறைந்திருக்க இயலாது. அவர்களைப் பார்க்கச் சமூகம் தவறவில்லை. பார்த்த விதம்தான் கொடுமையானது. 2005இல் லால் ஜோஸ் இயக்கத்தில் திலீப் நடித்த ‘சாந்துபொட்டு’ பெரும் வெற்றி பெற்றது. பெண்மை சார்ந்த நடத்தையுடைய ஆண் ஒருவனின் கதை. படம் திரையரங்கைவிட்டுப் போன பின்னும் அதன் தலைப்பு பள்ளிக்கூடங்களிலும் பேருந்துகளிலும் வசைச்சொல்லாக நிலைத்தது. அச்சொல்லால் பள்ளி நாட்களில் தாம் பட்ட துன்பத்தை ஓர் இளைஞர் பொதுவெளியில் எழுதியபோது, நடிகை பார்வதி தம் துறையின் சார்பில் மன்னிப்புக் கோரினார். தமிழ்த் திரைப்படங்களின் நகைச்சுவைப் பகுதிகளில் திருநங்கையர் பட்ட இழிவு இதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.

சட்டம் திரையைவிட விரைவாக நகர்ந்தது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. 2015இல் கேரளம், இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, திருநர்க்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆண்டுதோறும் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா 2016இல் பாலினம் குறித்த படங்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை வைத்தது. கூச்சலுக்கும் கல்லெறிக்கும் அஞ்சி ஒரு நடிகை விலகி ஓடிய நகரில், திருநங்கையர் விழாப் பார்வையாளராக அரங்கினுள் அமர்ந்தனர்.

எனினும் கேமராவின் முன் நிற்பவர் மாறவில்லை. விருதுப் பட்டியல்களே இதற்குச் சான்று. லிவிங் ஸ்மைல் வித்யா தம் வாழ்வைத் தாமே எழுதிய ‘நான் வித்யா’ தமிழில் 2007இல் வெளிவந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு பி.எஸ். லிங்கதேவரு கன்னடத்தில் ‘நானு அவனல்ல அவளு’ எடுத்தார். வித்யாவின் வேடத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2014ஆம் ஆண்டுக்கான தேசியச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 2018இல் ரஞ்சித் சங்கர் இயக்கிய ‘ஞான் மேரிக்குட்டி’யில் திருநங்கையாக நடித்த ஜெயசூர்யா, அப்படத்துக்கும் ‘கேப்டன்’ படத்துக்கும் சேர்த்துக் கேரளச் சிறந்த நடிகர் விருதைச் சௌபின் ஷாகிருடன் பகிர்ந்துகொண்டார். 2019இல் வெளியான தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் ஷில்பாவாகத் தோன்றிய விஜய் சேதுபதி சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார்.

மூன்று படங்களும் திருநங்கையரை மதிப்போடு அணுக முயன்றவை. மூவரும் உழைத்து நடித்தவர்கள். அவர்கள் விருதுக்குத் தகுதியற்றவர்கள் என்பது இங்கு வாதமன்று. வாதம் வேறு. மூன்று விருதுகளும் ‘நடிகர்’ என்னும் ஆண்பால் வகையிலேயே வழங்கப்பட்டன. அதாவது விருது, திரையில் தெரிந்த பெண்ணுக்குரியதாக இல்லை. அந்தப் பெண்ணாக மாறிக்காட்டிய ஆணுக்குரியதாக இருந்தது. படத்தைக் காணும்போது ‘இவள் பெண்’ என்று நம்பச் சொல்லும் திரைத்துறை, படம் முடிந்து விருதுப் பட்டியல் எழுதும்போது ‘எப்படி மாறியிருக்கிறான்’ என்று வியக்கிறது. வேலுக்குட்டியின் வாசவதத்தையை வியந்த அதே கண் இது. ஹாலிவுட்டும் இதற்கு விலக்கன்று. ஜாரெட் லெட்டோ ‘டல்லஸ் பையர்ஸ் கிளப்’ படத்தில் திருநங்கையாக நடித்து 2014இல் ஆஸ்கர் பெற்றார். திருநங்கை நடிகையான டானியேலா வேகா நடித்த சிலி நாட்டுப் படம் ‘எ ஃபென்டாஸ்டிக் வுமன்’ 2018இல் ஆஸ்கர் பெற்றபோது, அவ்விருது அயல்மொழிப் படத்துக்கானதாக இருந்தது.

இவ்விடத்தில் திருநங்கை நடிகையரின் சொந்த வரலாற்றுக்கு வர வேண்டும். அவ்வரலாறு விருதுகளுக்கு வெளியே, பெரும்பாலும் தமிழ் நிலத்தில் தொடங்கியது. 2011இல் விஜயபத்மா இயக்கிய ‘நர்த்தகி’யில் பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்பிரமணியம் முதன்மை வேடம் ஏற்றார். ‘சகோதரி’ அமைப்பை நிறுவி, எழுத்தும் ஓவியமும் களப்பணியுமாக வாழ்பவர் அவர். வித்யா தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலை பயின்றவர், நாடகக்காரர், மிஷ்கினின் ‘நந்தலாலா’வில் உதவி இயக்குநராகப் பணியாற்றியவர். நடிக்கவும் இயக்கவும் பயிற்சியுடைய ஒருவரின் வாழ்வே படமானது. அதில் அவர் வேடத்தை ஏற்றவர் ஓர் ஆண். இந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். வாய்ப்பு எங்கே அடைபடுகிறது என்பது விளங்கும்.

கேரளத்தில் திருநங்கையர் திரைத்துறையின் உள்ளேயே இருந்தனர். ஆனால் ஒளிவட்டத்துக்கு வெளியே. ரெஞ்சு ரெஞ்சிமார் போன்ற ஒப்பனைக் கலைஞர்கள் முன்னணி நடிகையரின் முகத்தைத் திரைக்கு ஆயத்தம் செய்தனர். பிறர் முகத்தை அழகாக்கும் கைகளுக்கு இடமிருந்தது; அந்தக் கைகளுக்குரியவரின் முகத்துக்கு இடமில்லை. இந்நிலையில் அஞ்சலி அமீர் வந்தார். கோழிக்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த இவர் விளம்பர அழகியாகத் தொழிலைத் தொடங்கியவர். ராம் இயக்கிய தமிழ்ப் படம் ‘பேரன்பு’வில் மம்மூட்டியோடு மீரா என்னும் வேடத்தில் நடித்தார். படம் 2018 தொடக்கத்தில் ராட்டர்டாம் விழாவிலும் 2019 பிப்ரவரியில் திரையரங்குகளிலும் வெளியானது. மலையாள நாட்டுத் திருநங்கைக்கு முதல் பெரிய வேடம் தமிழில் கிடைத்தது. அடுத்து, தமிழ்நாட்டுத் திருநங்கைக்கு முதல் பெரிய வேடம் மலையாளத்தில் கிடைக்க இருந்தது.

அந்த வேடம்தான் ‘அந்தரம்’ படத்தின் அஞ்சலி. இயக்குநர் பி. அபிஜித் ஒளிப்படச் செய்தியாளர். திருநர் வாழ்வைப் பல ஆண்டுகள் ஒளிப்படங்களாகவும் ஆவணப்படங்களாகவும் பதிவுசெய்த பின் கதைப்படத்துக்கு வந்தவர். கூத்தும் கைத்தட்டலும் வசையுமாகத் திருநங்கையரைக் காட்டிவந்த வழக்கத்தை விட்டு, ஒரு திருநங்கை குடும்பத்தலைவியாகும்போது நேரும் உறவுச் சிக்கல்களை அவர் கதையாக்கினார். கண்ணன் நாயரும் நக்ஷத்ரா மனோஜும் உடன் நடித்தனர். பெரிய நட்சத்திரங்களோ பெருமுதலீடோ இல்லாத படம். அதன் மையத்தில், தாய்மொழி தமிழாகிய ஒரு புது நடிகை மலையாளக் குடும்பத்தின் பெண்ணாக நின்றார்.

‘அந்தரம்’ என்னும் சொல் இரு மொழிகளிலும் உண்டு, பொருள்தான் வேறு. மலையாளத்தில் அது வேறுபாட்டை, இடைவெளியைக் குறிக்கும். தமிழில் பிடிமானமின்றி வெளியில் நிற்பதைக் குறிக்கும். நேகாவுக்குக் கிடைத்த ஏற்பில் இரு பொருளும் பொருந்தின. வழக்கமாகத் திரைக்கு வரும் புதுமுக நடிகை ஒருத்தி குடும்பம், பள்ளி, கல்லூரி, அறிமுகம் என்னும் படிகளில் ஏறி வருகிறாள். அந்தப் படிகளுள் முதலாவதே பெரும்பாலான திருநங்கையருக்கு முறிந்துபோகிறது. தமிழிலும் மலையாளத்திலும் வெளிவந்துள்ள திருநங்கையரின் தன்வரலாறுகள் ஏறத்தாழ அனைத்தும் வீட்டைவிட்டு வெளியேறும் காட்சியை மையமாகக் கொண்டவை. வீடு இழந்தவருக்கு நகரத்தில் தங்குமிடம் அரிது. தங்குமிடம் இல்லாதவருக்குத் தேர்வுக்குப் போய்வரும் பொழுதும் பணமும் இல்லை. இவையெல்லாம் அமைந்தாலும் எழுதப்படும் வேடங்களோ சில. ‘திறமையுள்ள திருநங்கை நடிகையர் கிடைக்கவில்லை’ என்று சொல்லி ஆண் நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் தயாரிப்பாளர், திறமை உருவாகும் வழிகள் அடைபட்டிருப்பதைக் கணக்கில் கொள்வதில்லை. ‘அந்தரம்’ தேர்ந்தெடுத்த எதிர்வழி எளியது. இருக்கும் ஒருவரைத் தேடிக் கண்டது. அவரை நம்பி மைய வேடத்தைத் தந்தது.

விருது வந்தபோது இரு வகை எதிர்வினைகளுக்கு இடம் ஏற்பட்டது. தனி வகை வேண்டும் என்போரின் நியாயம் வலுவானது. பொதுவகையில் போட்டியிடுவோர் பெரும் படங்களின் துணையோடு வருகின்றனர். ஒதுக்கீடு இல்லாத இடத்தில் முதல் அடி வைக்கவே இயலாது. நூற்றாண்டு காலப் புறக்கணிப்புக்குப் பின் ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவு இல்லையெனில் 2022இல் நேகாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் போயிருக்கலாம்.

மறுபக்கத்து நியாயமும் புறந்தள்ளத் தக்கதன்று. அவ்வகை எந்தக் கலைக்கும் உரியதன்று, ஆளுக்கு உரியது. அடுத்த ஆண்டின் 53ஆவது விருதுகளில் அதே சிறப்பு விருது ‘பி 32 முதல் 44 வரெ’ படத்தை இயக்கிய ஸ்ருதி சரண்யத்துக்குக் கிடைத்தது. ஓராண்டு நடிப்புக்கு, மறு ஆண்டு இயக்கத்துக்கு. விருது எதைப் பாராட்டுகிறது என்று கேட்டால், கலையை அன்று, கலைஞரின் பாலினத்தை என்றே விடை வரும். ஜெயசூர்யா திருநங்கையாக நடித்தது ‘நடிப்பு’ எனக் கொள்ளப்பட்டுப் பொதுவகையில் முதலிடம் பெற்றது. நேகா திருநங்கையாக நடித்தது ‘இருப்பு’ எனக் கொள்ளப்பட்டுத் தனிவகைக்குப் போனது. முன்னதில் கடக்கப்பட்ட தொலைவு கண்ணுக்குத் தெரிந்தது. பின்னதில் தொலைவே இல்லை என்று எண்ணப்பட்டது.

அந்த எண்ணமே பிழை. நேகா அஞ்சலி அல்லர். தஞ்சைப் பகுதித் தமிழ்ப்பெண் ஒருத்தி கேரளக் குடும்பத்தின் மருமகளாகவும் தாயாகவும் தோன்றியபோது, மொழி, ஊர், வீட்டுப் பழக்கம், உறவு என ஒவ்வொன்றிலும் தொலைவைக் கடந்தே ஆக வேண்டும். திருநங்கை என்பது ஒரு கதைமாந்தரின் முழுமையன்று. ஒரு நடிகையின் முழுமையும் அன்று. நாயர் பெண் நாயர் பெண்ணாக நடித்தால் அதை ‘இருப்பு’ என்று எவரும் தள்ளுவதில்லை. இல்லத்தரசி வேடத்தில் நடிக்கும் இல்லத்தரசியை ‘நடிக்கவில்லை’ என்று எவரும் சொல்வதில்லை. திருநங்கைக்கு மட்டும் அவள் உடலே வேடமாகக் கொள்ளப்படுகிறது. ரோசியிடம் ‘உனக்கு இல்லாத உடலை ஏன் அணிந்தாய்’ என்று கேட்ட சமூகம், நேகாவிடம் ‘உன் உடலைத்தானே அணிந்தாய்’ என்கிறது. இரு கேள்விகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் வேர் ஒன்றே. கீழே வைக்கப்பட்டவருக்குத் தம் உடலிலிருந்து விலகி இன்னொருவராகும் உரிமையை, அதாவது நடிக்கும் உரிமையை, இரண்டும் மறுக்கின்றன.

எனினும் இரு காலங்களையும் ஒன்றாகக் காண்பது வரலாற்றுக்கு நீதியாகாது. ‘விகதகுமார’னின் படச்சுருள் இன்று இல்லை. ரோசியின் நடிப்பு எத்தகையது என்பதை இனி எவராலும் அறிய இயலாது. அவர் பெயரை மீட்கவே பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. வினு ஆபிரகாமின் ‘நஷ்டநாயிகா’ நாவலும், 2013இல் கமல் இயக்கிய ‘செல்லுலாய்ட்’ படமும் அவரைப் பொது நினைவுக்குக் கொண்டுவந்தன. 2019இல் மலையாளத் திரைத்துறைப் பெண்களின் கூட்டமைப்பு, தான் தொடங்கிய திரைப்படச் சங்கத்துக்கு ரோசியின் பெயரைச் சூட்டியது. டானியல் பெயரில் கேரள அரசு வாழ்நாள் விருது வழங்கிவருகிறது. 1975இல் மறைந்த அவரும் வாழும் காலத்தில் அந்த மதிப்பைக் கண்டவர் அல்லர். நேகாவின் படமோ இருக்கிறது, பெயர் அரசு ஏட்டில் இருக்கிறது, வயதும் இருக்கிறது. இவை மூன்றும் ரோசிக்கு வாய்க்காதவை.

திசையும் மாறியிருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நடிகை இரவோடிரவாகத் தமிழ்ப்பக்கம் ஓடினாள். பெயரை மாற்றிக்கொண்டு மறைந்தாள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் தமிழ்ப்பக்கத்திலிருந்து இன்னொரு நடிகையின் பெயர், தானே தேர்ந்துகொண்ட பெயர், அதே நகரத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. இதை வெற்றி என்று கொண்டாடுவதில் தவறில்லை. வெற்றி முடிந்துவிட்டது என்று எண்ணுவதில்தான் தவறு.

2023ஆம் ஆண்டுக்கான கேரள விருதுகளில் ஜியோ பேபியின் ‘காதல் தி கோர்’ சிறந்த படமாகத் தேர்வானது. தற்பாலீர்ப்புடைய நடுவயது மனிதராக மம்மூட்டி அதில் நடித்தார். பால்புதுமையரின் கதை மையத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அது சான்று. கதை வந்துவிட்டது, கலைஞர் இன்னும் வரும் வழியில் இருக்கிறார். அவர் வந்து சேர்ந்ததற்கு அடையாளம் இன்னொரு திருநங்கை வேடமோ இன்னொரு சிறப்பு விருதோ அன்று. ஒரு திருநங்கை நடிகைக்கு ஆசிரியையாக, வழக்கறிஞராக, அக்காவாக, வில்லியாக, பாலினம் பேசுபொருளே ஆகாத ஏதோ ஒரு வேடம் தரப்பட வேண்டும். அவ்வேடத்தை அவர் நன்றாகச் செய்தால் ‘சிறந்த நடிகை’ என்னும் பழைய, பொதுவான தலைப்பின் கீழ் அவர் பெயர் எழுதப்பட வேண்டும். சரோஜினி வேடத்தில் ரோசி கேட்டதும் அவ்வளவுதான்.